வாடையில்லாத ஆசிட்

சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும் என்று ஓர் எதிர்பார்ப்பு. கையில் ஒன்றும் ஒட்டாது. நான் இருப்பது லேபில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். மூக்கில் ஒட்டும். அசிட்டிக் ஆசிட்டின் புளித்த வாடை, ஊறுகாயில் ஊற்றுகிற வினிகருக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குக் குளித்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பழகிப்போன வாடை. பிள்ளை உண்டாகும் வரைக்கும்.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதனால் சந்தோஷத்துக்குக் குறைவில்லை, வாந்திக்கும் குறைவில்லை. மற்றவர்களுக்குக் காலையில் வருமாம். எனக்கு மெஷினில் அசிட்டிக் விடும் நேரமெல்லாம் வரும். அந்தப் பட்டறையில் நாள் முழுக்க ஏதாவது ஒரு மெஷினில் அசிட்டிக் விட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஏன் விடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் தண்ணீரில் காரம் இருக்க வேண்டும். அதற்காகச் சலவைச் சோடாவைக் கொட்டுவோம். சாயம் பிடித்த பிறகு சோடாவுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அது போகாது, நூலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதை முறிக்கத்தான் ஆசிட். முறிந்ததா இல்லையா என்பதை பி.எச். என்ற எண் சொல்லும். ஏழுக்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். பெரியவர்கள் போடும் துணியில் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் தெரியாது. கைக்குழந்தைத் துணிக்கு அது நடக்காது. ஏழரையைத் தாண்டினால் வாங்குகிற கம்பெனி அப்படியே திருப்பி அனுப்பிவிடும். குழந்தை துணியைப் போட்டுக்கொள்வதோடு நிற்குமா, வாயில் வைத்துச் சப்பவும் செய்யுமே.

எனக்கு வாந்தி ஆரம்பித்த அதே மாதத்தில்தான் எங்கள் பட்டறைக்கு முதன்முதலாகக் குழந்தைத் துணிக்கு ஆர்டர் வந்தது. சாம்பிளாக ஒரு லாட், அதாவது ஒரு மெஷின் துணி, இளமஞ்சள் நிறம். அது தேறினால் தொடர்ந்து வரும்.

முதலாளி லேபுக்கு வந்தார். நல்ல மனுஷர். நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி நான் ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். எங்கள் தெக்கத்திப் பக்கத்தில் கோபம் வந்தால் தெருவில் நின்று கத்திவிட்டு, மறுநாள் அதே வீட்டில் போய்க் காப்பி குடிப்போம். இங்கே கோபத்தையும் "ங்க" போட்டுத்தான் சொல்வார்கள். பதிலுக்குக் கத்தவும் முடியாது. முதலாளி என் முன்னால் நின்றுகொண்டே சொன்னார்: "அம்மிணி, இந்த நேரத்துல இந்த வாடையெல்லாம் உங்களுக்கு ஆகாதுங்க. ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க. லேபுக்கு வேற ஆளு பாத்துக்கறமுங்க."

பேக்கிங்கில் ஒரு பெண்ணுக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். அவள் பிரசவம் முடிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். அவளை யாரும் போ என்று சொல்லவில்லை. உட்கார வைத்து, டீ கொடுத்து, பிள்ளை கையில் இனிப்பு கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அந்த மரியாதை எனக்கும் நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாற்காலி என்னுடையது. வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருஷம் லேபிள் தைக்கும் இடத்தில் கத்தரி பிடித்து, அதற்குப் பிறகு கிடைத்த நாற்காலி. எழுந்தால் போச்சு.

குழந்தைத் துணி லாட் என் கையாலேயே தேறட்டும், அதற்கப்புறம் லீவைப் பற்றிப் பேசுவோம் என்றேன். லாட் தேறட்டும், தேறினால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன், தேறாவிட்டால் நான் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும் என்று அவரும் ஒத்துக்கொண்டார். இவ்வளவையும் மரியாதை குறையாமலே பேசி முடித்தோம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷின் மெக்கானிக். ஊசி உடைந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவர். "ஏட்டி, முடியலன்னா விட்ருவமே" என்றார். முடியவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, என் சேலையில் ஒட்டியிருந்த வாடை மூக்கில் ஏற, அங்கேயே ஒருமுறை வாந்தி எடுத்தேன்.

மெஷின் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் ஷிப்ட் இன்சார்ஜ். என்னைவிட மூத்தவர், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லேபின் கண்ணாடி வழியே அவருக்கு நான் தெரிவேன். நான் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடும்போதெல்லாம், அவர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். தன்னுடைய ஆட்களால்தான் எனக்கு இந்தக் கஷ்டம் என்பதுபோல ஒரு முகம். நான் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்பேன். அவர் நம்பமாட்டார்.

நாலாம் மாதம் பிறந்தது. அதிசயமாக வாந்தி நின்றது. நாலாம் மாதம் வந்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும்தான் சொல்லியிருந்தார்களே, அதேபோல ஆகிவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா. டிபன் பாக்ஸை லேபிலேயே திறந்து சாப்பிட்டேன். புளிச்சோறு, கருவாட்டுக் குழம்பு, எதையும் விட்டுவைக்கவில்லை. கன்னத்தில் சதை போட்டது. பிள்ளைக்கும் எனக்கும் ஒரு சமாதானம் ஆகிவிட்டது என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஓடியதெல்லாம் பெரியவர்கள் டி-சர்ட்டுக்கான கறுப்புத் துணி. பி.எச். எட்டு, எட்டேகால் என்று காட்டியது. கறுப்புக்குச் சோடா அதிகம் விடுவோம், அதனால் அப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு அலசல் அலசச் சொல்லி அனுப்பினேன். அடுத்ததாக இளமஞ்சள் ஏறியது.

லாட் இறங்கியதும் துணியில் ஒரு துண்டு வெட்டி, பொடியாக நறுக்கி, தண்ணீரில் போட்டுக் குலுக்கி, மீட்டரை வைத்தேன். எட்டே முக்கால். இன்னொரு துண்டு வெட்டினேன். ஒன்பது. எனக்கு மீட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது. மீட்டரைச் சரிபார்க்கும் கரைசலில் வைத்தேன். அது ஒழுங்காக ஏழு என்றது. பிறகு ஈரத்துணியை விரித்து, நிறம் மாறும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நல்ல துணியில் பச்சையாக இருக்கும். இதில் ஊதா பூத்தது.

ஆசிட் விட்டபோது மெஷின் தண்ணீரில் எண் என்ன என்று கேட்டு அனுப்பினேன். நாலரை என்று பதில் வந்தது. நான் சொல்லியிருந்த அதே நாலரை. தண்ணீரில் நாலரை இருக்கும்போது துணியில் ஒன்பது எப்படி வரும்?

எழுந்து மெஷின் பக்கம் போனேன். வாந்திக்குப் பயந்து நான் அங்கே போயே பல நாளாகியிருந்தது. நீராவி, ஈரத்தரை, மோட்டார் சத்தம், எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டாவது மெஷினில் ஆசிட் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் அங்கே நின்றவர். நான் மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. இன்னும் இழுத்தேன். வெந்நீர் வாடையும் ஈரத்துணி வாடையும்தான் வந்தன. மூலையில் அசிட்டிக் கேன்கள் சீல் உடைக்காமல் அடுக்கியிருந்தன.

அண்ணன் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்காக ஒளித்து வைத்திருந்த ஒரு பரிசை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்ற மலர்ச்சி. "நீங்க வாந்தி எடுக்கறதப் பாக்க முடியலீங்க அம்மிணி. அதான் அந்த வாடை புடிச்சதை நிறுத்திப்போட்டு, கழிவுத் தண்ணித் தொட்டிக்கு ஊத்தற ஆசிட்டைக் கலக்கி விடறமுங்க. வாடையே இல்லீங்க. இது ஸ்ட்ராங்குங்க, துளியூண்டு ஊத்துனாவே நாலரை வந்துருதுங்க."

கழிவுநீர்த் தொட்டிக்கு ஊற்றுவது கந்தக அமிலம். வீரியமான அமிலம். அசிட்டிக் வீரியம் குறைந்தது. கத்தியிருப்பேன். எங்கள் ஊராக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? எனக்காக ஏன் இரக்கப்பட்டீர்கள் என்றா? ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் கூடிப் பேசி, ஒருவர் விடாமல் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்பதால் சொல்லவில்லையாம். அசிட்டிக் கேனை வேண்டுமென்றே தூரமாக நகர்த்தி வைத்ததுகூட அந்த மரியாதையில்தான். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. வாடை வராததை, மூக்கு பழகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். நாலாம் மாதமும் இல்லை, சமாதானமும் இல்லை. என் வாந்தியை நிறுத்தியது இவர்கள்.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினேன். கல்யாண வீட்டுக்கு வேனில் ஆட்கள் வருகிறார்கள் அல்லவா? பி.எச். என்பது வேனை விட்டு இறங்கி வாசலில் நிற்பவர்களை மட்டும்தான் எண்ணும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதன் கணக்கில் வரமாட்டார்கள். கந்தக அமிலம் வந்தவுடனே எல்லாரும் இறங்கிவிடும் கூட்டம். அசிட்டிக்கில் நாலு பேர் இறங்குவார்கள், மிச்சம் பேர் சீட்டிலேயே இருப்பார்கள். ஒரே அளவு கரைத்துப் பார்த்தால் கந்தகம் ஒன்று என்று காட்டும், அசிட்டிக் மூன்று என்று காட்டும். அதனால்தான் அதை வீரியம் குறைந்தது என்கிறோம். ஆனால் இரண்டையும் ஒரே எண்ணில் கொண்டுவந்து நிறுத்தினால், வாசலில் நிற்பவர்கள்தான் சமம். கந்தக வேன் காலி. அசிட்டிக் வேன் நிறைய ஆள்.

"இப்ப துணிக்குள்ள இருந்து சோடா வெளிய வருது" என்றேன். சோடாவும் அப்படித்தான். காஸ்டிக் சோடா கரைத்தால் பதிமூன்று காட்டும். நாம் கொட்டுகிற சலவைச் சோடா பதினொன்று, பதினொன்றரை. அதுவும் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். வாசலில் நின்ற கந்தக ஆட்கள் முதலில் வந்த சோடாவோடு தீர்ந்துபோனார்கள். பின்னால் வந்த சோடாவைத் தடுக்க ஆள் இல்லை. அசிட்டிக் இருந்திருந்தால் ஒருவர் தீரத் தீர இன்னொருவர் இறங்கியிருப்பார். கந்தகத்தையே அளவு கூட்டி விடலாமே என்றால், அதுவும் ஆகாது. துணியில் தங்கிப்போனால் காயும்போது தண்ணீர் மட்டும் போய், அமிலம் முறுகி, நூலைத் தின்றுவிடும். அசிட்டிக் காற்றோடு போய்விடும்.

அண்ணனுக்கு எல்லாம் புரிந்தது. முகம் சுண்டிப்போனது. முதலாளி கேட்டால் அசிட்டிக் ஸ்டாக் தீர்ந்துபோனதால் மாற்றினேன் என்று தான் சொல்லிவிடுவதாகச் சொன்னார். "உங்க பேரு இதுல வரவே வராதுங்க" என்றார். அந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் தன் வழக்கப்படி, மெஷினைப் பிரிப்பதுபோல நிலைமையைப் பிரித்து மேஜையில் வைத்தார். அந்த அண்ணன் பொய் சொன்னால் அவருக்கு ஆபத்து. உண்மையைச் சொன்னால், என் வாந்தியால்தான் லாட் போனது என்று முதலாளிக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி. இரண்டில் எது என்றார். எனக்கும் அதுவரைக்கும் தெரிந்தது. நானே கட்டிய பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன் என்பதும் தெரிந்தது.

காலையில் முதலாளி லேபுக்கு வந்தபோது மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்திருந்தேன். ஒன்றில் அசிட்டிக் கலந்த தண்ணீர், ஒன்றில் கந்தகம். ஆசிட் மாறியதால்தான் லாட் தேறவில்லை என்று சொல்லி, மீட்டரை வைத்துக் காட்டினேன். இரண்டும் மூன்று. ஆசிட் படாத துணியில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டி, டம்ளருக்கொன்றாகப் போட்டுக் கலக்கினேன். அசிட்டிக் டம்ளர் நாலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கந்தக டம்ளரில் எண் ஓடியது. ஐந்து, ஏழு, ஒன்பதைத் தாண்டியும் நிற்கவில்லை. முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எதற்காக ஆசிட்டை மாற்றினார்கள் என்று கேட்டார். கதவோரம் நின்றிருந்த அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். என் வாந்தியைப் பார்த்துப் பொறுக்காமல் மாற்றினார்கள் என்று, ஒன்றையும் மறைக்காமல்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் வினை. கருணைதான் பொங்கியது. இதற்குத்தான் நான் அன்றைக்கே சொன்னேன், இந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் யாருக்குமே இந்தச் சிரமம் இல்லை என்று ஆரம்பித்தார். எனக்குள் எவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தேனோ, அந்தத் தெக்கத்திக் குரல் வெளியே வந்துவிட்டது.

"சார், எனக்கு எது நல்லதுன்னு நீங்க யோசிச்சீங்க, அண்ணன் யோசிச்சாங்க, ஷிப்டே யோசிச்சிச்சு. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தர்கூட என்கிட்ட கேக்கலையே."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "செரிங்க, கேக்கறனுங்க. என்ன வேணுமுங்க?"

"ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மேலே சுவரைப் பார்த்தார். வேறு ஏதோ பெரிதாகக் கேட்பேன் என்று நினைத்திருப்பார். பட்டறைக் காற்று லேபுக்குள் வராமல் வெளியே இழுக்க ஒரு ஃபேன், கதவுக்கு ஒரு ரப்பர் விளிம்பு, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்துவிட்டார். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பரை அவர்தான் ஒட்டினார்.

இளமஞ்சளை மறுபடி மெஷினில் ஏற்றினோம். இந்தமுறை அசிட்டிக். ஆசிட் ஓடி முடிந்ததும் உடனே எண் பார்க்கக் கூடாது, துணியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி பார்க்க வேண்டும், பிறகு துணியை வெட்டி நடுவில் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். லேபில் உட்கார்ந்திருந்தால் போதும். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, வாடை துளியும் வரவில்லை. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. ஒருமுறை வாடை இல்லாமல் இருந்து பட்ட பாடு போதாதா. கதவைத் திறந்து மெஷின் அருகில் போய் நன்றாக மூச்சை இழுத்தேன். வந்தது. மண்டை வரைக்கும் ஏறும் அந்தப் புளித்த வாடை. அசிட்டிக்தான், சந்தேகமில்லை. அப்படியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் வாந்தி எடுத்ததே இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். ஷிப்டே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. அண்ணன் மட்டும் தூரத்திலிருந்து, பரவாயில்லையா என்று தலையை ஆட்டிக் கேட்டார். பரவாயில்லை என்று ஆட்டினேன். இந்தமுறை நம்பினார்.

துணியில் மருந்து விட்டேன். ஓரத்திலும் பச்சை, நடுவிலும் பச்சை. மீட்டரில் ஆறரைக்கும் கொஞ்சம் கீழே.

வாங்குகிற கம்பெனியின் முடிவு வருவதற்குச் சில நாள் ஆனது. அதுவரை முதலாளி லேபுப் பக்கமே வரவில்லை. தேறினால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்றவர், முதல்முறை தேறாததைக் கணக்கில் வைத்திருப்பாரோ என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வைத்திருந்தால் அதிலும் நியாயம் உண்டு. அதுதான் என்னைத் தின்றது.

வந்தார். லாட் தேறிவிட்டது, தொடர்ந்து அனுப்பச் சொல்கிறார்கள் என்றார். நின்றுகொண்டேதான் சொன்னார். பிறகு, நீங்கள் லீவில் போகும்போது லேபைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்றார். வேறு ஆள் என்ற பழைய பேச்சு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆளை நீங்களே பாருங்கள், நீங்களே வேலை சொல்லிக் கொடுங்கள் என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"வர்றவங்ககிட்ட ஆறு மாசத்துக்குத்தான்னு மொதல்லயே சொல்லிப்போடுங்க அம்மிணி. நீங்க திரும்பி வர்றப்ப எந்திரிக்கச் சொல்லோணும்னா எனக்குச் சங்கடமுங்க."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியாத அழுகை. முதலாளி பதறிப்போய் ஃபேன் ஓடுகிறதா என்று மேலே பார்த்தார். பிறகு கதவை இழுத்துச் சாத்திவிட்டு, யாரங்கே, இன்னொரு ஃபேன் கொண்டுவரச் சொல்லுங்க என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார்.